கல்லுக்காரர் வாங்கிய அடி

கல்லுக்காரருக்குக் கை முந்தும். பேச்சு அதற்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் முதலில் அறைவார், அப்புறம் வணக்கம் சொல்வார், கடைசியாகத்தான் "யாருபா நீ?" என்று விசாரிப்பார். அவர் வீட்டுக்கு எதிர் வீட்டில் பல வருடம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் மிகை கொஞ்சம்தான். என்னையே ஒரு தரம் அப்படி விசாரித்திருக்கிறார். அதற்கப்புறம்தான் சிநேகமானோம்.

பேர் வேண்டாம். ஊரிலும் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளையார்பாளையத்தில் இறங்கிக் கல்லுக்காரர் வீடு எது என்று கேட்டால், கை காட்டுவார்கள். காட்டிவிட்டு, "பதமா பேசுங்க" என்று சேர்த்தும் சொல்வார்கள். அவரிடம் ஒரு உரைகல் இருந்தது. கறுப்பு, உள்ளங்கை அகலம், தேய்ந்துபோன சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு, ஆனால் தூக்கினால் கனம். தங்கம் உரசுகிற கல் அல்ல. சரிகை உரசுகிற கல். கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தவர்களுக்குக் கடைக்காரர் பேச்சில் சந்தேகம் வந்தால் புடவையோடு அவரிடம் வருவார்கள். இப்போது மிஷின் இருக்கிறது, வெளிச்சத்தைக் காட்டினால் கணக்குச் சொல்லிவிடும். இருந்தாலும் மிஷினிடம் காட்டிவிட்டு இவரிடமும் ஒரு தரம் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

புடவைக் கரையிலிருந்து ஒரு இழையை உருவுவார். நகத்தால் சுரண்டி, உள்ளே அசல் சரிகைக்கு உண்டான சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்ப்பார். கல்லில் இழுப்பார். கோட்டின் மேல் ஆசிட் ஒரு சொட்டு. பச்சையாக நுரைத்தால் செம்பு. அந்தப் புகை மூக்கில் ஏற, நாலு இருமல் இருமிவிட்டு நிமிர்வார். சரிகையில் வெள்ளி உண்டா என்பதற்கு இரண்டு சொல்தான் அவரிடம் உண்டு. ஒன்று, "இருக்குது." இன்னொன்று, "இல்லை."

"கொஞ்சமாவது இருக்குமா சார்?" என்று கேட்பார்கள், பாவம், பெண்ணைப் பெற்றவர்கள்.

"கல்லுக்கு முகதாட்சணியம் கிடையாதும்மா" என்பார். அத்தோடு சரி.

அத்தோடு விட்டிருந்தால் அவர் வெறும் சரிகை பார்க்கிறவர். விடமாட்டார். ஓரிக்கையிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவையோடு வந்தது. இல்லை என்று சொன்னார். பெண்ணின் தாயார் அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் புடவையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் ஆட்டோவில் ஏறி, "காந்தி ரோடு" என்றார். அந்தப் புடவையை விற்ற கடை எது என்று எழுதப் போவதில்லை. அந்த முதலாளி இப்போது உயிரோடும் இல்லை. முதலாளி சிரித்த முகமாக எழுந்து கூல்டிரிங்க்ஸ் கொண்டுவரச் சொன்னார். பாட்டில் வருவதற்குள் அந்தப் புடவை அவர் கழுத்தைச் சுற்றியாகிவிட்டது. கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரை இந்தப் பக்கம் இழுத்துத் தரையில் போட்டு, மார்பில் முழங்காலை வைத்து, "இதுலே இருக்குதா? சொல்லு. இருக்குதா?" என்று இறுக்கினார். முகம் நாவல்பழம் நிறத்துக்குப் போயிற்று. கொஞ்சம் தளர்த்திய பிறகுதான், "இல்லைபா" என்று குரல் வந்தது.

"அதைத்தானே கேட்டேன்" என்று எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, புடவை எடுக்க வந்து சுவரோடு ஒட்டி நின்ற பெண்களைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

இது கேட்பதற்குச் சுவையாக இருக்கும். இன்னொன்று சொல்கிறேன், அது அப்படி இராது. அவரைப் போலவே சரிகை பார்க்கிற ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். கல்லில் இல்லை என்று வந்ததை, ஒரு கடைக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு, இருக்குது என்று சொல்லிவிட்டார். விஷயம் இவர் காதுக்கு வந்தது. போனார். அந்த ஆளின் வலது கட்டைவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். நான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் அங்கேவரை கேட்டது. திரும்பி வரும்போது நிதானமாக எனக்கு விளக்கம் சொன்னார். "கல்லு ஒண்ணு சொல்லி, ஆளு வேற ஒண்ணு சொன்னா, அவன் வாங்கினவன். உரசுற விரலும் பேசுற வாயும் வேற வேற சொல்லக் கூடாது. ரெண்டுலே ஒண்ணு இருந்தா போதும்." 

இப்பேர்ப்பட்ட ஆளை அடிக்க ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் லைசன்ஸ் இருந்தது. அவருடைய மகள். நாலு வயது. சாயங்காலம் அவர் வேலையை முடித்து, ஆசிட் போகக் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறித் தயாராக நிற்பாள். கையைப் பின்னால் கொண்டுபோய், முழு பலத்தையும் சேர்த்து, கன்னத்தில் ஒன்று விடுவாள். பட்டென்று எங்கள் வீடுவரை கேட்கும். "ஐயோ, செத்தேன்பா" என்று அவர் அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் விழுவார். அவள் சிரிக்கிற சிரிப்பில் விக்கல் வந்துவிடும். அவர் மனைவி உள்ளே இராட்டையில் தறிக்குப் பட்டுத் தார் சுற்றிக்கொண்டே, "போதும்டி, அந்தாளு எழுந்து டீ குடிக்கட்டும்" என்பாள். பக்கத்துக் கிராமமான கூரத்தில் பிறந்த பெண். இராட்டைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எழும்பி நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தச் சத்தம் ஒரு கோடைக்காலத்தில் குறைய ஆரம்பித்தது. பட்டென்று விழுந்த அடி, ஈரத் துணி விழுகிற மாதிரி விழுந்தது. "இன்னாம்மா, அடியிலே சத்து இல்லையே" என்று சிரித்துக்கொண்டேதான் விழுந்தார். அப்புறம் அவள் நாற்காலியில் ஏறுவதை விட்டாள். சாயங்காலமானால் உடம்பு சுடும். கவுன் தோளிலிருந்து நழுவும். கழுத்தில் நெறி கட்டிக் கொட்டைப்பாக்கு அளவு நின்றது. பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த சிரப்பெல்லாம் குடித்துப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் தாயும் தகப்பனும் குழந்தையுமாக என் வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே குழந்தைகளைப் பார்த்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒல்லி, பெரிய கண்ணாடி. டிபி-யாக இருக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். படம் எடுக்கச் சொன்னார். கையில் ஊசி போட்டு, அது தடிக்கிறதா என்று பார்க்க மறுபடி வரச் சொன்னார். ஒரு கப்பைக் கொடுத்து, குழந்தையைத் துப்ப வைக்கச் சொன்னார். அவள் துப்பினாள் என்று பேர். சளி டெஸ்ட்டின் முடிவு நெகட்டிவ் என்று வந்தது.

கல்லுக்காரர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப இல்லை. வா, போலாம்" என்று எழுந்தார்.

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரல் பக்கத்தில் வீங்கியிருப்பதைக் காட்டினார். ஊசி போட்ட இடம் தடித்து நின்றதைக் காட்டினார். எடை இறங்கியதைச் சொன்னார். "சின்னப் பிள்ளைங்க சளியைத் துப்பாதுங்க, முழுங்கிரும். கப்புல வந்தது வெறும் எச்சி. அதுல கிருமி கிடைக்கல, அவ்வளவுதான். இல்லைன்னு அர்த்தமில்ல. மத்ததையெல்லாம் சேத்து வச்சுப் பாத்தா இருக்கு. நாம மருந்தை ஆரம்பிச்சிருவோம்" என்றார்.  டாக்டருக்குத் தெரியாது, எதிரில் இருக்கிற மனிதரின் காதில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். கல் இல்லை என்கிறது, ஆள் இருக்கு என்கிறான்.

"எந்த மருந்துக் கம்பெனிக்காரன் உனுக்குக் குடுத்தான்?" என்றார் கல்லுக்காரர்.

டாக்டருக்குப் புரியவில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "வீட்டுல வேற யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

கல்லுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இல்லை, அந்த வருடம் பூராவும். "இது ஆசிட் இருமல். தொழில் இருமல்" என்றார். அவர் மனைவி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. அவர் கை டாக்டரின் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தது. நான் குறுக்கே விழுந்தேன். முழங்கை என் வாயில் பட்டது. அந்தப் பல் இன்றைக்கும் ஆடுகிறது.

"இன்னொரு தரம் டெஸ்ட் பண்ணிரலாம்" என்று டாக்டர் சுவரோரமாக நின்றபடி சொன்னார். "முழுங்கின சளி வயித்துல கிடக்கும். காலையில வெறும் வயித்துல எடுத்தா கிடைக்க வாய்ப்பிருக்கு."

டெஸ்ட் என்றதும் கல்லுக்காரர் அடங்கிவிட்டார். "உரசு. நூறு தரம் வேணாலும் உரசு. பேப்பர் சொல்றதைச் சொல்லு, நீயா சொல்லாதே" என்றார்.

குழந்தையையும் தாயையும் வார்டில் படுக்க வைத்தார்கள். விடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, வேலை ஆரம்பமாகியிருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்கு மெல்லிய குழாய் ஒன்றை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். நாலு வயதுக் குழந்தை அதற்கு எப்படிச் சம்மதிக்கும்? போர்வையில் சுற்றி, ஒரு நர்ஸ் தோளையும் ஒரு நர்ஸ் காலையும் அழுத்திப் பிடித்திருந்தார்கள். டாக்டர் மெதுவாகத்தான் விட்டிருப்பார். ஆனால் மூடிய கதவுக்கு வெளியே நின்றவனுக்கு அது தெரியாது. "அப்பா, அப்பா" என்று ஒரு குரல். அப்புறம் தொண்டையில் எதுவோ அடைத்த மாதிரி ஒரு ஓங்கரிப்பு.

கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. தோளால் இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து உள்ளே போய் விழுந்தது. காலைப் பிடித்திருந்த நர்ஸ் முதலில் சுவரில் மோதினாள். தட்டு பறந்தது. அப்போதுதான் எடுத்து மூடி போடாமல் வைத்திருந்த சின்ன பாட்டில் தரையில் உருண்டு, உள்ளே இருந்தது போயிற்று. டாக்டரின் முகத்தில் விழுந்த குத்தில் கண்ணாடி இரண்டாக ஒடிந்து, ஒரு துண்டு புருவத்தைக் கிழித்தது. எடை பார்க்கிற மிஷினைத் தூக்கி அடித்தார், அது பிளந்தது. அவுட்போஸ்ட் போலீஸ்காரர்கள் ஓடி வந்து லத்தியால் அவர் முட்டியில் போட்டுத்தான் கீழே தள்ள முடிந்தது. கீழே கிடந்தும் இருமினார், இருமிக்கொண்டே உதைத்தார். இவ்வளவுக்கும் நடுவில் குழந்தை போர்வைக்குள் சுற்றியபடி, மூக்கில் பாதி வெளியே வந்த குழாயோடு, அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்தது குழாய்க்கா இவருக்கா என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்தது.

கேஸ் போட எல்லோரும் தயாராக இருந்தார்கள். புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அந்த டாக்டர் பையன்தான் வேண்டாம் என்றான். "கேஸ் போட்டா அவர் உள்ள போவாரு. பிள்ளை இங்க வராது" என்றான். நான் பல பேருடைய பல பேச்சைச் சேர்த்து வைத்திருப்பவன். ரத்தம் ஒழுகும்போது ஒருவர் சொன்ன பேச்சு என்று என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

அன்றைக்கே அவர் தாயையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். மறுநாள் அவருக்குத் தெரியாமல் கூரத்துக்காரி குழந்தையோடு வந்து என் வண்டியில் ஏறினாள். "ஆஸ்பத்திரிக்குண்ணா" என்றாள். டாக்டர் மறுபடி குழாயைப் பற்றியே எடுக்கவில்லை. காகிதத்துக்காகக் காத்திருந்தால் குழந்தை தாங்காது, படமும் தடிப்பும் எடையும் போதும் என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார். தண்ணீரில் போட்டால் கரைகிற மாத்திரை. குழந்தைகள் குடிக்க ஆரஞ்சு வாசனை சேர்த்தது. அந்த வாசனைதான் காட்டிக்கொடுத்தது. செம்பு வாசனையும் வெள்ளி வாசனையும் பிரித்துச் சொல்கிற மூக்குக்கு, வீட்டில் இல்லாத ஆரஞ்சு எப்படித் தப்பும்?

மத்தியானம். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். எதிர் வீட்டிலிருந்து முதலில் டம்ளர் தெருவில் வந்து விழுந்தது, பின்னாலேயே மாத்திரை அட்டைகள் சாக்கடையில். "இல்லாத நோய்க்கு மருந்து குடுக்கிறியா?" என்ற குரலும் அறை விழுந்த சத்தமும் சேர்ந்தே கேட்டன. நான் ஓடிப்போனபோது அவள் இராட்டையின் மேல் விழுந்து கிடந்தாள். சுற்றிய பட்டெல்லாம் அவள் கையில் சிக்கியிருந்தது. காதோரம் ரத்தம். குழந்தை ஒரு மூலையில். அவர் இன்னொரு தரம் கையை ஓங்கினார்.

அவள் எழுந்தாள். கையிலிருந்த பட்டை உதறவுமில்லை. அவருடைய மேஜைமேல் கை எட்டிய இடத்தில் அந்தக் கல் இருந்தது. எடுத்து, ஓங்கி, அவர் நெற்றியில் இறக்கினாள். தேங்காய் உடைகிற சத்தம். ஊரிலுள்ள சரிகையையெல்லாம் உரசிப் பார்த்த கல் அன்றைக்குத்தான் அவரை உரசியது. அவர் விழவில்லை, உட்கார்ந்தார். அவள் கல்லைக் கீழே வைக்காமல், எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில் சொன்னாள்:

"ஊரு சரிகையெல்லாம் உரசினியேய்யா. உன் இருமலை ஒரு நாளு உரசினியா?"

மூன்று பேரையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விட்டேன். அவர் துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு ஒரு ஓரம். இவள் குழந்தையையும் கல்லையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஓரம். அவர் இருமும்போதெல்லாம் அதே துண்டால் வாயையும் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தையல் போட உட்கார வைத்தபோது துண்டை வாங்கிப் பார்த்தேன். அதிலிருந்த ரத்தம் எல்லாம் நெற்றியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

தகவல் கேட்டு அந்த டாக்டர் வந்தார். ஒடிந்த கண்ணாடியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி மாட்டியிருந்தார். கல்லுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கப்பை நீட்டினார், அவ்வளவுதான்.

"துப்புய்யா" என்றாள் மனைவி. கல் இன்னும் அவள் கையில் இருந்தது. "உனுக்குத்தான் டெஸ்ட்டுன்னா உசுராச்சே. துப்பு."

டாக்டர் அவரை எழுப்பி, வெட்டவெளியில் ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனார். ஆழமாக மூச்சை இழுத்து இருமச் சொன்னார். பெரிய ஆளாயிற்றே, எச்சியாக வரவில்லை. அடி மார்பிலிருந்து வந்தது.

மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் சீட்டை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா வழக்கமான மருந்தே கேக்கும்னும் இதுலயே வந்திருக்கு. அதனால பாப்பாவுக்கும் அதே மருந்துதான், மாத்த வேண்டியதில்ல" என்றார் டாக்டர்.

"இது என் பேப்பர். அவளுக்கு எப்படி?"

"அவளுக்கு உங்ககிட்டயிருந்துதான வந்திருக்கும்? பிள்ளைகிட்ட கிடைக்காதது பக்கத்துல இருக்கிற பெரியவங்ககிட்ட கிடைக்கும். அதுக்குத்தான் அன்னைக்கே இருமல் யாருக்குன்னு கேட்டேன். உங்க பேப்பர்தான் அவளுக்கும் பேப்பர்."

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். எழுந்து நின்றார். கோயிலில் சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம் இல்லையா, அப்படி இரண்டு கையாலும் தன் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் மெதுவாகத்தான். அப்புறம் வேகம் ஏறியது. கடைக்காரரையும் டாக்டரையும் பெண்டாட்டியையும் அடித்த அதே பலம். உதடு கிழிந்தது. போட்ட தையல் பிரிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நானும் டாக்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தொங்கினோம், நிறுத்த முடியவில்லை. அவர் மனைவி வந்து எதிரில் நின்று, "அது போதும். மருந்தை வாங்கு" என்றாள். நின்றது.

அவர் அன்றோடு திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். டீக்கடையில் நோய்க்குப் பயந்து அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்தார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு டம்ளர் உடையாமல் மிஞ்சவில்லை. ஆனால் வீட்டுக்குள் அந்தக் கை அப்புறம் ஓங்கியதில்லை. ஓங்கியிருந்தாலும் ஆபத்து, கல் இப்போது அடுப்படியில் அவள் வசம். காலையில் கல்லுக்காரர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "கல்லைக் குடும்மா, ஆளு வந்துக்கினு இருக்குது" என்று கேட்க வேண்டும். "மாத்திரை முழுங்கினியா? வாயைத் தொற" என்பாள். நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் கல் வெளியே வரும். எதிர் வீட்டிலிருந்து இந்தக் காட்சியைப் பார்க்கவே நான் காலைச் சவாரியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். தெருவில் எங்கள் எல்லோருக்கும் மார்புப் படம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு நெஞ்சு சுத்தம், பல்தான் ஆடுகிறது என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். வணக்கமும் சொன்னார்.

இன்னொரு மாற்றமும் உண்டு. ஒரு நாள் ஒரு புடவையை உரசிவிட்டு, கல்லை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம், "இந்த இழையிலே கிடைக்கலை. முந்தானையிலே ஒண்ணு உருவிக்கட்டுமா?" என்று கேட்டார். இரண்டு சொல்லே வைத்திருந்த மனிதரிடம் மூன்றாவது சொல் வந்ததை நான் என் காதால் கேட்டேன்.

மகளிடம் அவர் போகக் கூடாது. கொஞ்ச வாரம் மாஸ்க் போட்டுத் தள்ளியிருந்தால் போதும், அதற்கப்புறம் அவரால் பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூரத்துக்காரி அதைக் கேட்டுக்கொண்டு, மருந்து முழுக்க முடிகிறவரைக்கும் என்று தானாக நீட்டிவிட்டாள். அவள் உத்தரவுக்கு மேல் உத்தரவு அந்த வீட்டில் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி வாசலில் காலியாகக் கிடந்தது.

ஆறு மாதம் முடிந்து கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு நானும் இருந்தேன். டாக்டர் புதுக் கண்ணாடியில் இருந்தார். புது எடை மிஷினும் வந்திருந்தது. கல்லுக்காரர் அதற்குப் பக்கத்திலேயே போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தையை ஏற்றினார்கள். கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்கள். "மருந்தை நிறுத்திரலாம்" என்றார் டாக்டர்.

"டெஸ்ட்டு?" என்றார் கல்லுக்காரர்.

"உங்களுக்குச் சளி எடுப்போம். பாப்பாவுக்கு வேண்டாங்க. எடை ஏறியிருக்கு, காய்ச்சல் இல்ல, நெறி கரைஞ்சிட்டு, வந்ததுலயிருந்து ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கா. பிள்ளைங்களுக்கு அதுதான் ரிசல்ட்டு."

கல்லுக்காரர் டாக்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். திருப்தியில்லை. உரசாமல் ஒன்றை நம்புகிற சுபாவம் இல்லையே. அந்த இடத்திலேயே, வரிசையில் குழந்தைகளோடு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், மகளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். நெற்றியில் கல் வைத்த தழும்பு பளபளத்தது. முகத்தை நீட்டினார்.

"அடிம்மா" என்றார்.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். குழந்தை கையைப் பின்னால் கொண்டுபோனாள். ஆறு மாத பாக்கி எல்லாம் அந்தக் கையில் இருந்தது. விழுந்த சத்தத்தில் வரிசையில் ஒரு கைக்குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. டாக்டரின் கை தானாகவே தன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது.

கல்லுக்காரர் அன்றைக்கு விழ மறந்துவிட்டார். சிவந்து வருகிற கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார். கண்ணிலிருந்து வழிந்தது வலியில் வந்ததுதான் என்று பின்னால் என்னிடம் சாதித்தார்; அடி அப்படி.

"இருக்குது" என்றார்.